கல்லங்குறிச்சியிலிருந்து கோட்கர் வரை

இமாசலப் பிரதேசத்தில் மேலே ஏற ஏற மாதங்கள் பின்னோக்கிப் போகின்றன. ஏப்ரல் நடுவில் பிலாஸ்பூர் பக்கத்துத் தோட்டத்தில் ஆப்பிள் மரத்தில் எலுமிச்சை அளவுக்குக் காய் தொங்கியது. சிம்லாவைத் தாண்டி கோட்கர் போய்ச் சேர்ந்தால் அங்கே ஆப்பிள் இப்போதுதான் பூத்துக்கொண்டிருக்கிறது. எதிர் மலையின் தலையிலோ இன்னும் பனி. காய், பூ, பனி மூன்றும் ஒரே மாநிலத்தில், ஒரே வாரத்தில். அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிக்காரனுக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான். எங்கள் ஊரில் தைக்கும் சித்திரைக்கும் உள்ள வித்தியாசம் வெயிலின் கடுமை மட்டும்.

போனதற்குக் காரணம் சித்தப்பா. முந்திரித் தோப்பு கொஞ்சம், மக்காச்சோளம் போடுகிற மானாவாரி நிலம் கொஞ்சம் வைத்திருப்பவர். சந்தையில் எவனோ 'சமவெளி ஆப்பிள்' என்று கன்று விற்றிருக்கிறான். கையில் வண்ணப்படம்: இலை தெரியாமல் சிவப்புப் பழம் காய்த்துத் தொங்கும் மரம். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சிலர் வாங்கியும் விட்டார்கள். சித்தப்பா வாங்கவில்லை. "கண்ணால பாக்காம காசு குடுக்க மாட்டேன்டா. அந்த மரம் பொறந்த ஊருக்கே போயி பாத்துட்டு வந்துருவோம்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே குல்லாவும் கம்பளியும் வாங்கி வந்துவிட்டார்.

அரியலூரில் ரயில் ஏறி சென்னை, டெல்லி, சண்டிகர். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சண்டிகரைத் தாண்டிப் பேருந்து மலையில் ஏறத் தொடங்கி, பக்ரா அணையின் நீர்த்தேக்கம் கண்ணில் பட்டதும்தான் சித்தப்பா சன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய பிலாஸ்பூர் நகரம் இந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோவில்கள் சேற்றிலிருந்து தலையைக் காட்டும். அணைக்காக ஊரையே கொடுத்தவர்களின் மாவட்டம் இது.

இந்த மாவட்டத்துப் பனியாலா கிராமம் கடல்மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை. இமாசலக் கணக்கில் இது மலையே அல்ல. மாமரம் வளரும், கோடையில் 40 டிகிரி தாண்டும். ஆப்பிளுக்கும் இந்தப் பக்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அங்கே ஹரிமன் சர்மா என்ற விவசாயியின் வீட்டுக் கொல்லையில் 1999-ல் ஆப்பிள் கன்று ஒன்று தானாக முளைத்திருந்தது. முந்தைய ஆண்டு தின்றுவிட்டுப் போட்ட பழத்தின் விதை. பிடுங்கி எறியாமல் காப்பாற்றினார். 2001-ல் காய்த்தது. அதிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டி, ஒட்டிலும் காய்க்கிறதா என்று பார்த்து, பிறகு ஊருக்குக் கொடுக்கத் தொடங்கினார். எச்.ஆர்.எம்.என்-99 என்று இன்று நாடு முழுக்க அறியப்படும் ரகம் அதுதான். தேசியப் புத்தாக்க நிறுவனம் அதை எடுத்துப் பல மாநிலங்களில் நட்டுச் சோதித்தது. 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

அவரை நாங்கள் பார்க்கவில்லை. பார்த்தது அந்த ரகத்தை நட்டிருந்த ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தை. மரம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. பச்சைக் காய்களில் ஒரு பக்கம் மட்டும் லேசாகச் செம்மை ஏறத் தொடங்கியிருந்தது. ஜூனில் பறித்துவிடுவார்களாம். மேல்மலை ஆப்பிள் சந்தைக்கு வருமுன்னே இது வந்துவிடும் என்பதுதான் இதன் வியாபார ரகசியம்.

சித்தப்பா காயைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து அடிமரத்தில் ஒட்டுக் கட்டிய முடிச்சைத் தடவிப் பார்த்தார். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து முந்திரி ஒட்டுக்கன்று வாங்கி நட்டுப் பழகிய கை. "ஒட்டு நல்லா ஒண்ணு சேந்திருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "ராத்திரியில இங்க எவ்வளவு குளிரும்? கேளு."

என் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். சமவெளி ஆப்பிள் விற்கிறவன் சொல்லாமல் விட்ட விஷயமெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலில் இருந்தது. கோடை எவ்வளவு காய்ந்தாலும், மார்கழி, தை மாதங்களில் பிலாஸ்பூரில் இரவுக் குளிர் ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். பள்ளத்தாக்கில் காலை வெகுநேரம் வரை பனிமூட்டம் விலகாது.

ஆப்பிள் மரம் இலையுதிர்த்துத் தூங்கப் போகும்போது, மொட்டுகளுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்குகிறது. ஏறத்தாழ ஏழு டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்ற கணக்கு. ரெட் டெலிசியஸ் மாதிரியான பழைய மேல்மலை ரகங்களுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இஸ்ரேலில் உருவாக்கிய அன்னா போன்ற ரகங்களுக்கு முந்நூறுக்குள் போதும். கணக்கு நிறையாவிட்டால் மரம் சாகாது. ஆனால் ஒழுங்காக எழாது. ஒரு கிளையில் இலை, இன்னொரு கிளையில் மொட்டை, எங்கேயோ நாலு பூ, எங்கேயோ ஒரு காய். கொல்லையில் காட்டிப் பெருமைப்பட அது போதும். லோடு ஏற்றப் போதாது. அரியலூரில் மார்கழி விடியலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோமே, அப்போதும் பதினெட்டு, இருபது டிகிரி இருக்கும். ஏழுக்குக் கீழே ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. எங்கள் மண்ணோ சிமென்ட் ஆலைகளுக்கே தீனி போடும் சுண்ணாம்புப் பூமி. ஆப்பிளுக்குச் சற்றே புளிப்பு மண்தான் பிடிக்கும்.

"அப்ப நம்மூருக்கு ஆவாதுங்கிற" என்றார் சித்தப்பா. அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. வாங்காமல் விட்டது சரிதான் என்ற திருப்தி.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் பாத்து என்ற மலையூரில், நிலநடுக்கோட்டுக்கு எட்டு டிகிரி தெற்கே, சிறு விவசாயிகள் ஆப்பிளையே தொழிலாகச் செய்திருக்கிறார்கள். அங்கே பனியே இல்லை. அறுவடை முடிந்த சில வாரங்களில் மரத்தின் இலைகளை ஆள் விட்டுக் கையாலேயே உருவிவிடுவார்கள். மரம் ஆழ்ந்து தூங்கப் போகுமுன்னே அதை உலுக்கி எழுப்பும் தந்திரம். உடனே துளிர்த்துப் பூக்கும், ஆண்டுக்கு இரண்டு அறுவடை கிடைக்கும். ஆனால் அதுவும் ஆயிரம் மீட்டர் வாக்கில் உயரமுள்ள எரிமலை மண், இரவில் குளுமை தரும் ஊர். இலை உருவக் கூலியாள் வேண்டும், மருந்தடிக்கக் காசு வேண்டும். கல்லங்குறிச்சியில் இலையை உருவினால் ஆட்டுக்குத்தான் ஆகும்.

பிலாஸ்பூரிலிருந்து சிம்லா. சிம்லாவில் ஒரு தேநீர் குடித்ததோடு சரி. கூட்டம். அங்கிருந்து நார்கண்டா அறுபது கிலோமீட்டர் சொச்சம், பழைய இந்துஸ்தான்-திபெத் சாலை. தியோக் தாண்டியதும் மலைச்சரிவுகளின் நிறம் மாறுகிறது. பச்சைக்கு நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் திட்டுத் திட்டாக ஆப்பிள் பூ. தோட்டம் தோட்டமாக மேலே கட்டியிருக்கும் ஆலங்கட்டி வலைகள், மலைக்கே கொசுவலை கட்டியது போல. நார்கண்டா 2700 மீட்டர். அங்கே இறங்கி வேறு பேருந்து பிடித்துக் கொஞ்சம் கீழே இறங்கினால் தானேதார். கோட்கர் வட்டாரத்தின் நடு ஊர். வெகு ஆழத்தில் சட்லெஜ் நதி நூல்போலத் தெரிகிறது. சித்தப்பா குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு, பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "இந்தச் செங்குத்துல எப்படிடா மருந்தடிப்பானுவ?" என்றார்.

இமாசலத்தின் ஆப்பிள் வியாபாரம் இந்தச் சரிவில்தான் புதிதாகப் பிறந்தது. குலுவில் 1870 வாக்கிலேயே கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் ஆப்பிள் நட்டார். சிம்லாவுக்குப் பக்கத்து மஷோப்ராவில் 1887-ல் அலெக்சாண்டர் கூட்ஸ் தோட்டம் போட்டார். ஆனால் அந்த ஆங்கிலேய ரகங்களில் புளிப்பு தூக்கல். இந்திய நாக்கு ஏற்கவில்லை. இனிப்பைக் கொண்டு வந்தவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். பிலடெல்பியாவில் லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி நடத்திய குடும்பத்துப் பிள்ளை. 1904-ல், இருபத்தோரு வயதில், சபாத்து தொழுநோய் இல்லத்தில் சேவை செய்யக் கப்பலேறி வந்தார். 1905 காங்ரா நிலநடுக்கத்தில் நிவாரண வேலை செய்தார். 1912-ல் ஆக்னஸ் என்ற உள்ளூர்ப் பெண்ணை மணந்து கோட்கரில் நிலம் வாங்கிக் குடியேறினார். சுற்றியிருந்தவர்கள் கோதுமையும் பார்லியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கஷ்ட ஜீவனம் நடத்தியவர்கள். 1916-ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஸ்டார்க் பிரதர்ஸ் நாற்றங்காலிலிருந்து ரெட் டெலிசியஸ் கன்றுகள் வந்து சேர்ந்தன.

அந்த ரெட் டெலிசியஸும் தானாக முளைத்ததுதான். அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்ற விவசாயியின் தோட்டத்தில் வரிசைக்கு வெளியே முளைத்த கன்று. அவர் வெட்டியும் மறுபடி மறுபடி துளிர்த்ததால் பிழைத்துப் போகட்டும் என்று விட்டதாகச் சொல்வார்கள். அதன் தம்பி போன்ற கோல்டன் டெலிசியஸும் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு தோட்டத்தில் யாரும் நடாமல் முளைத்ததே. 1914-ல் ஸ்டார்க் கம்பெனி அந்த ஒற்றை மரத்தை ஐயாயிரம் டாலர் கொடுத்து வாங்கி, யாரும் குச்சி திருடாதபடி அதைச் சுற்றிக் கூண்டு அடித்து, மணி ஒலிக்கும் கருவியும் பொருத்தியது. ஆப்பிள் விதையிலிருந்து தாயைப் போன்ற மரம் வராது. மாங்கொட்டைக்கு உள்ள அதே குணம். ஆகவே நல்ல மரத்தின் மதிப்பு முழுக்க அதன் குச்சியில் இருக்கிறது. குச்சி யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் சந்தை.

ஸ்டோக்ஸ் கூண்டு கட்டவில்லை. இந்த ஊர் அவரை இன்றும் கொண்டாடுவதற்கு எனக்குத் தெரிந்து அதுதான் முதல் காரணம். கன்றையும் குச்சியையும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார், ஒட்டுக் கட்டவும் கவாத்து செய்யவும் காட்டிக்கொடுத்தார். 1926 வாக்கில் பழம் சந்தைக்குப் போனது. இடையில் வேறொன்றும் செய்தார். மலைவாசிகளை வெள்ளைக்காரத் துரைமார்களின் மூட்டை தூக்க வைக்கும் 'பேகார்' என்ற கட்டாய வெட்டிவேலையை எதிர்த்து ஊரைத் திரட்டினார். காங்கிரசில் சேர்ந்தார், கதர் கட்டினார், 1921 டிசம்பரில் கைதாகி லாகூரில் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1932-ல் இந்துவாகி சத்யானந்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1946 மே மாதம், சுதந்திரத்துக்கு ஓராண்டு முன்னால், காலமானார். மூட்டை தூக்கக் கூப்பிட்டால் போயாக வேண்டும் என்றிருப்பவன் தோட்டம் வைத்துக் காப்பாற்ற முடியாது. ஆப்பிள் கன்றையும் பேகார் எதிர்ப்பையும் அவர் தனித்தனியாக நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் கட்டிய பரமஜோதி கோவில் தானேதாரில் இருக்கிறது. மரச் சுவர்களில் கீதையும் உபநிடதமும் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கலியுக வரதராசப் பெருமாளுக்கும் மூலவர் இடத்தில் கம்பம்தான் என்பதால், உள்ளே சிலை தேடிக் குழம்பாமல் சித்தப்பா ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

நாங்கள் தங்கியது ஒரு வயதான அம்மாவின் தோட்டத்து வீட்டில். மகன் சிம்லாவில் வேலை. தோட்டம் இன்னும் அவர் பொறுப்பில். மாதாஜி என்று கூப்பிட்டோம். சித்தப்பாவை அவர் பாய் சாப் என்றார்.

விடிந்ததும் அவர் செய்த வேலையைப் பார்த்துத்தான் எனக்குப் பயணச் செலவு செரித்தது. தோட்டத்தின் ஓரத்தில் நின்ற கோல்டன் மரத்திலிருந்து பூத்த சிறு கிளைகளை ஒடித்துக் கொத்தாகக் கட்டினார். காலி தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை அறுத்து, தண்ணீர் ஊற்றி, கொத்தை அதில் செருகி, சிவப்பு ரக மரங்களின் நடுக்கிளையில் கம்பியால் மாட்டிக்கொண்டே போனார். மரத்துக்கு மரம் பூங்கொத்து. சாமிக்கா என்று கேட்டேன். சிரித்தார். தேனீக்கு.

ரெட் டெலிசியஸ் வகை மரங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய் பிடிக்க மாட்டா. வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். அதற்கென்று சில வரிசைக்கு ஒரு துணை மரம் நட வேண்டும். முன்னோர் ஆசைப்பட்டுச் சிவப்பையே நெருக்கி நட்டுவிட்டார்கள். சிவப்புக்குத்தானே காசு. துணை மரம் போதவில்லை. ஆகவே பூத்த வாரத்தில் மாப்பிள்ளையைப் பாட்டிலில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. தேனீ வளர்ப்பவர்களிடமிருந்து பெட்டிகளை வாடகைக்கு எடுத்துத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். வெயில் ஏறும்வரை தேனீ வெளியே வரவில்லை. மாதாஜி பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிரோ மழையோ பிடித்தால் தேனீ பறக்காது. அந்த நாலைந்து நாள் தப்பினால் அந்த வருஷமே தப்பியது. காய் பிடிக்கும்வரை ஆலங்கட்டி வலையைச் சுருட்டியே வைப்பேன் என்றார். விரித்தால் தேனீக்கு இடைஞ்சல், விரிக்காத நேரத்தில் ஆலங்கட்டி விழுந்தால் பூவோடு போச்சு. அவருடைய ஏப்ரல் முழுக்க வானத்தைப் பார்ப்பதிலேயே போகிறது.

மரங்களின் அடித்தண்டில் வெளிர் நீலத்தில் பூச்சு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஆளிவிதை எண்ணெயும் கலந்தது, பட்டை நோய்க்கு. சித்தப்பா விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். "சுண்ணாம்பு நம்மூர்லேருந்து அனுப்பலாம்" என்றார். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மாதாஜி உண்மையிலேயே விலை கேட்டார்.

மாலையில் வியாபாரப் பேச்சு. அவர் மாமனார் காலத்தில் பூவிலேயே தோட்டத்தைக் குத்தகைக்காரனிடம் பேசி முடித்துவிடுவார்களாம். காய் எவ்வளவு வந்தாலும் லாபம் அவனுக்கு. முந்திரித் தோப்பில் நாங்கள் இன்றும் செய்கிற அதே வேலை. பிறகு ரோடு வந்தது, 1974-ல் மாநில அரசின் பழக் கொள்முதல் கழகம் வந்தது. 1985-ல் சோலன் பக்கத்து நௌனியில் தோட்டக்கலைப் பல்கலைக்கழகம் வந்தது, இமாசலத்தின் முதல் முதல்வர் ஒய்.எஸ். பர்மார் பெயரில். குளிர்பதனக் கிடங்குகள் வந்தன. இன்று ஆப்பிள் இந்த மாநிலத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 5000 கோடி ரூபாய்த் தொழில் என்பார்கள். அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் சிறு, குறு விவசாயிகள்.

ஆனாலும் மண்டி மண்டிதான். முன்பெல்லாம் அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு என்று விலை. பெட்டியில் எத்தனை கிலோ என்பது அமுக்கி அடைப்பவன் கையில் இருந்தது. பெட்டியின் மேல்பாகத்தைத் தூக்கித் தூக்கி இருபது கிலோ பிடிக்க வேண்டியதில் முப்பது வரை திணித்துக்கொண்டிருந்தார்கள். விலை மட்டும் ஒரு பெட்டிக்கானது. விவசாயிகள் வருஷக்கணக்கில் கத்திய பிறகு, 2024 பருவத்திலிருந்து, அளவு மாறாத ஒரே பெட்டியை அரசு கட்டாயமாக்கியது. "நம்மூருல மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிப்பான். இங்க பத்துக் கிலோ சேத்து வாங்கியிருக்கான்" என்றார் சித்தப்பா. மொழிபெயர்க்காமலே மாதாஜிக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

பனி குறைகிறது என்றார் அவர். சிறு வயதில் வாசற்படி மூடும் அளவுக்கு விழுமாம். தாழ்வான ஊர்களில் பலர் ஆப்பிளைக் கைவிட்டு மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறிவிட்டார்கள். ஒரு காலத்தில் ஆப்பிள் விளையாது என்றிருந்த லாஹௌல்-ஸ்பிதிப் பக்கம் அது ஏறிக்கொண்டிருக்கிறது. குறைந்த குளிரில் காய்க்கும் ரகம் இப்போது சமவெளிக்காரனின் ஆசை மட்டுமல்ல, மலைக்காரனுக்கும் நாளைக்குத் தேவைப்படலாம். பனியாலா கொல்லைக் கன்றை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

தேநீரோடு தட்டில் முந்திரிப் பருப்பு வந்தது. விருந்தாளிக்கென்று விலை கொடுத்து வாங்கியது. சித்தப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முன்னூத்தியிருவது" என்றார், தரம் சொல்லும் குரலில். ஒரு பவுண்டுக்கு முந்நூற்றிருபது பருப்பு நிற்கும் ரகம். மாதாஜி அசந்துபோனார். இது உங்கள் ஊரில் விளைவதா, மரமா செடியா, பழம் எப்படியிருக்கும் என்று கேட்கத் தொடங்கினார். கொட்டை பழத்துக்கு வெளியே தொங்கும் என்று சித்தப்பா கையால் காட்டியதை அவர் நம்பவே இல்லை. செல்போனில் படம் எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

"நீங்கள் கிலோ என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

கொட்டையாகவே பண்ருட்டி வியாபாரிக்குப் போட்டுவிடுகிறோம் என்று சித்தப்பா விலையைச் சொன்னார். மாதாஜி தான் பருப்பு வாங்கிய விலையைச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடு, தோல், வறுப்பு, உடைப்புக் கூலி, கொட்டைக்கு எத்தனை பருப்பு தேறும் என்று சித்தப்பா விரல்விட்டு எண்ணி எனக்குச் சொல்ல, நான் அவருக்குச் சொல்ல, அவர் திரும்பக் கேட்க, தேநீர் ஆறிப்போனது. உங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து உடைத்து விற்றால் என்ன என்று கேட்டார். ஒருத்தன் முன்னால் நின்றால் நடக்கும், யார் நிற்பது என்றார் சித்தப்பா. இங்கும் அதே கதைதான், கமிஷன்காரனிடம் தனித்தனியாகத்தான் போய் நிற்கிறோம் என்றார் அவர்.

கிளம்பும்போது, பழம் பறிக்கும் நேரத்தில் வாருங்கள், ஆகஸ்டில் வந்தால் பெட்டி கட்டுவதையும் பார்க்கலாம் என்று அழைத்தார். சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஆவணியில மக்காச்சோளம் போடணும்னு சொல்லு. அவங்கள மாசியில நம்மூருக்கு வரச் சொல்லு. முந்திரி அப்பதான் பூவும் பிஞ்சுமா நிக்கும்."

சொன்னேன். மாசி என்றால் பிப்ரவரி, மார்ச் என்று விளக்கினேன். கவாத்து முடித்து, உரம் வைத்துவிட்டால் வரலாம் என்று மாதாஜி கொஞ்சம் யோசித்துவிட்டு, அரியலூருக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று கேட்டார்.